எந்த வண்ணம், எந்தக் காலத்துக் கவுன்?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். மாலை நேரங்களில் படம் வரைவது என் பொழுதுபோக்கு. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் உடைகளை வரைவதில்தான் எனக்கு ஆர்வம். வாட்டர் கலர், போஸ்டர் கலர், அக்ரிலிக், ஆயில் என எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். எதில் வரைந்தாலும் பட்டு பட்டாகத் தெரிவதில்லை. எந்த வண்ணத்தில் நிலைத்து நிற்பது? பழைய ஓவியங்களைப் பார்த்து உடைகளைக் கற்பது சரிதானா? அக்காலத்து நிறமிகளையே தேடி வாங்க வேண்டுமா? “வெள்ளைக்காரிகளின் கவுனை வரைந்து என்ன செய்யப்போகிறாய்?” என்று என் நாத்தனார் கேட்கிறார், அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. 1780களின் கவுன் ஒன்றை அக்ரிலிக்கில் வரைந்து இத்துடன் அனுப்பியுள்ளேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

குவாஷ் வாங்குங்கள். மற்றவற்றை ஓராண்டுக்கு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். குவாஷ் என்பது வாட்டர் கலரைப் போலவே வேலமரப் பிசினில் குழைத்த வண்ணந்தான். ஆனால் அதில் நிறமியின் அளவு மிகுதி என்பதாலும், சில தயாரிப்புகளில் சுண்ணம் போன்ற வெண்பொடி சேர்வதாலும், அது அடியில் இருப்பதை மறைக்கும் தன்மை உடையது. துணியை வரைபவருக்கு இந்த ஒரு குணமே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். வாட்டர் கலரில் பட்டின் பளபளப்பும் லேஸின் வெண்மையும் வேண்டுமென்றால், முதல் தீற்றலுக்கு முன்பே அந்த இடங்களைக் காகிதத்தின் வெண்மையாகவே விட்டுவைக்கத் திட்டமிட வேண்டும். ஒரு கைத்தவறு போதும், பிறகு மீட்க வழியில்லை. குவாஷில் இருட்டிலிருந்து தொடங்கி, வெளிச்சத்தைக் கடைசியில் மேலே வைக்கலாம். அக்ரிலிக்கிலும் அப்படிச் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம், ஆனால் மின்விசிறி சுழலும் அறையில் அது சில நிமிடங்களில் இறுகிவிடும், இறுகியது மறுபடி கரையாது. மடிப்பின் ஓரத்தை ஈரத் தூரிகையால் மெல்லக் கலைத்து மிருதுவாக்க நினைக்கும்போது உங்கள் கையில் பிளாஸ்டிக் படலம்தான் இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் பாவாடையின் மடிப்புகள் தகரத்தை வளைத்தது போல இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன். குவாஷ் காய்ந்த பிறகும் நீர் பட்டால் நெகிழும்.

அந்த நெகிழ்ச்சியே அதன் குறையும் ஆகும். மேல்பூச்சைத் தேய்த்தால் அடிப்பூச்சு கரைந்து கலங்கிவிடும். ஆகவே தூரிகையை ஒருமுறை வைத்து எடுத்துவிட வேண்டும், திரும்பத் திரும்ப வருடக்கூடாது. இன்னொன்று, காய்ந்ததும் நிறம் மாறும்: அடர்ந்தவை சற்று வெளுத்தும், வெளிறியவை சற்று அடர்ந்தும் தெரியும். கலந்த வண்ணத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் தீற்றிக் காயவைத்துப் பார்த்த பின்பே படத்தில் வையுங்கள். உங்களிடம் உள்ள போஸ்டர் கலர் குவாஷின் நெருங்கிய உறவுதான்; பயிற்சிக்கு அதையே பயன்படுத்துங்கள், காசு மிச்சம். சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு மட்டும் அதைத் தவிருங்கள், ஏனெனில் அதன் நிறங்கள் பலவும் வெயிலைத் தாங்குபவை அல்ல.

உங்கள் பொருளுக்கும் இந்த வண்ணம் அந்நியமானதன்று. 1770களின் இறுதியிலிருந்து பாரிசில் வெளிவந்த உடைப்படங்கள், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டபின், கையால் நீர்வண்ணம் தீட்டி விற்கப்பட்டவை. நீங்கள் வரைய விரும்பும் கவுன்களை அக்காலத்துப் பெண்கள் முதலில் கண்டதே பெரும்பாலும் அந்த வடிவில்தான்.

இனி பட்டு. வண்ணத்தை மாற்றியதால் பட்டு வராது. பட்டு எப்படி வெளிச்சத்தை வாங்கித் திருப்புகிறது என்பதைக் கண் பழக வேண்டும், அதற்கான பாடப்பொருள் உங்கள் பீரோவிலேயே இருக்கிறது. மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை ஒன்றை எடுத்து, சன்னலருகே ஒரு நாற்காலியின் முதுகில் தொங்கவிடுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வர வேண்டும். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்பதால் மடிப்பின் முகட்டில் பச்சையும் பள்ளத்தில் நீலமும் ஓடும். மடிப்பு திரும்பும் இடத்தில், இரண்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டி, மெல்லிய ஓர் ஒளிக்கீற்று தெரியும். அதற்கு அடுத்து இடைநிறமே இல்லாமல் நேரே இருட்டு வரும். பட்டைப் பட்டாகக் காட்டுவது இந்தத் திடீர்த் தாவல்தான். பலரும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு அங்குலம் அங்குலமாக மெழுகிக்கொண்டே போய், கடைசியில் பாலியெஸ்டர் போலவும் இல்லாத ஒன்றை வரைந்துவிடுகிறார்கள். இருநிற இழைப் பட்டுத் துணி பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் மிக விரும்பப்பட்டது என்பதால், நாற்காலியில் கற்றதை அப்படியே கவுனுக்குக் கொண்டுபோகலாம். வரையத் தொடங்குமுன் ஒரே நிறத்தில் ஐந்து அடர்த்திகளைக் கலந்து தட்டில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள், ஆறாவது வேண்டாம். தூய வெள்ளையைக் கடைசிவரை தொடாதீர்கள்.

வெல்வெட்டில் இது தலைகீழாக நடக்கும். அதன் குத்திட்ட இழைகள் நேர்ப்பார்வையில் வெளிச்சத்தை விழுங்கிவிடும், பக்கவாட்டில் திரும்பும் ஓரத்தில்தான் ஒளிரும். ஆகவே மடிப்பின் நடுவில் இருட்டும் விளிம்பில் வெளிச்சமும் வர வேண்டும். மஸ்லினுக்கு குவாஷை நீர்த்த நிலையில், அடுக்கு அடுக்காக, காகிதம் தெரியும்படி போடுங்கள். லேஸ் வரையும்போது பூவேலையைக் கோடு கோடாக எண்ணி வரையாதீர்கள்: அடியில் உள்ள துணியின் நிறத்தை முடித்துக் காயவிட்டு, அதன் மேல் நீர்த்த வெள்ளையை ஒரு பூச்சு விட்டு, விளிம்பின் வளைவுகளிலும் சில முடிச்சுகளிலும் மட்டும் கெட்டி வெள்ளையைப் புள்ளியாக வைத்தால் மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

பழைய ஓவியங்களை நம்பலாமா என்ற கேள்வி உங்கள் கடிதத்திலேயே சிறந்த கேள்வி. துணியை எப்படித் தீட்டுவது என்று கற்க அவற்றைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அந்த ஆண்டில் மக்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு அவற்றைச் சாட்சிக்கு அழைத்தால் பலமுறை ஏமாற்றும். ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1770 வாக்கில் வரைந்த நீல உடைச் சிறுவனை அறிவீர்கள். அந்தச் சிறுவன் அணிந்திருப்பது 1641இல் மறைந்த ஓவியர் வான் டைக்கின் காலத்து உடை; வரையப்பட்டபோதே அது நூற்றாண்டுக்கு மேல் பழைய வேடம். அதே காலத்து இன்னொரு ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரேனால்ட்ஸோ, அன்றாட நாகரிகம் படத்தைச் சீக்கிரம் பழசாக்கிவிடும் என்று கருதி, பெண்கள் பலரை எந்தக் காலத்துக்கும் சேராத தொளதொளத்த ஆடையில் வரைந்தார். இது போதாதென்று, அன்றைய லண்டனில் உடை வரைவதே தனித் தொழிலாக இருந்தது: 1749இல் இறந்த ஜோசப் வான் ஆக்கன் பல ஓவியர்களுக்கும் துணிப்பகுதியை மட்டும் தீட்டித் தருபவர். முகத்தை ஒருவர் வரைய, கவுன் இன்னொருவர் பட்டறையில் தயாராகும் நிலையில், ஒரே மாதிரி உடை வெவ்வேறு சீமாட்டிகளின் மேல் தென்படுவதில் வியப்பில்லை.

நிறமும் நம்பத்தக்கதன்று. ரேனால்ட்ஸ் முகங்களுக்குப் பயன்படுத்திய செந்நிறச் சாய நிறமிகள் அவர் உயிரோடு இருந்தபோதே வெளுக்கத் தொடங்கின. இன்று அந்தப் பெண்கள் சோகை பிடித்தவர்கள் போல் தெரிவது அதனால்தான். வார்னிஷ் மஞ்சளித்த படங்களில் வெள்ளை கவுன் சந்தன நிறமாகிவிடும். ஆகவே வெட்டும் தையலும் அறிய, அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் உண்மையான ஆடைகளுக்குப் போங்கள். லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆகிய அருங்காட்சியகங்களின் ஆடைப் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். முன்பக்கத்தைவிட முதுகுப்புறத்தைக் கவனமாகப் பாருங்கள். தோளிலிருந்து அகன்ற மடிப்புகள் அவிழ்ந்து தொங்கினால் அது பிரெஞ்சு முறைக் கவுன். அதே மடிப்புகள் இடுப்புவரை முதுகோடு ஒட்டித் தைக்கப்பட்டிருந்தால் ஆங்கில முறை. நீங்கள் எடுத்துக்கொண்ட 1780களில் இரண்டாவதே பெருவழக்கு.

இவ்விடத்தில் உங்கள் படத்தைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். முதலாவது, இடுப்பு. நீங்கள் வரைந்திருப்பது உடுக்கை இடுப்பு. அது ஒரு நூறாண்டு கழித்து விக்டோரியா காலத்துக் கோர்செட் தந்த வடிவம். 1780களின் உள்கச்சு உடலை இடுக்கி வளைப்பதைவிடத் தட்டையாக்கி நிமிர்த்துவது: மேலே அகன்று கீழே குறுகும் ஒரு கூம்பு, முன்பக்கம் பலகைபோல் நேராக, மார்பு மேல்நோக்கி உயர்ந்து. உள்ளாடையைப் பென்சிலில் வரைந்துவிட்டு அதன்மேல் கவுனை வரையுங்கள். இந்தப் பிழை தானாகவே போய்விடும். முன்புறத்தில் நீங்கள் வரிசையாகப் பொத்தான் வைத்திருக்கிறீர்கள், ஆனால் அக்கால கவுன்களின் முன்பக்கம் பெரும்பாலும் குண்டூசிகளால்தான் மூடப்பட்டது. இரண்டாவது, நிறம். அந்த மஜெண்டா ட்யூபிலிருந்து அப்படியே வந்தது என்று ஊகிக்கிறேன். கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த நல்ல சிவப்பும் ரோஜா நிறமும் அக்காலப் பட்டில் உண்டு. ஆனால் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின் 1856இல் குயினைன் செய்யப் புகுந்து தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்ட பிறகே கண்ணைப் பறிக்கும் செயற்கைச் சாயங்கள் ஒவ்வொன்றாக வந்தன, மஜெண்டா 1859இல் லியோனில் பிறந்தது. உங்கள் மஜெண்டாவில் எரிந்த அம்பர் (burnt umber) என்னும் கரும்பழுப்பு ஒரு துளியும் சற்றே வெள்ளையும் சேர்த்தால் எழுபது ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடலாம்.

உங்கள் நாத்தனாரின் கேள்விக்குப் பதிலாக, அடுத்த படத்துக்கு ஒரு பொருளும் சொல்கிறேன்: சின்ட்ஸ் துணியில் தைத்த கவுனை வரையுங்கள். அந்த வெள்ளைக்காரிகள் உடுத்திய பூப்போட்ட பருத்தித் துணிகளில் மிகச் சிறந்தவை நம் சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினம், பழவேற்காடு போன்ற துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியவை. தம் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறது என்று பிரான்சு 1686இல் இத்துணிகளைத் தடைசெய்து 1759வரை அத்தடையை நீட்டித்தது. இங்கிலாந்து 1721இல் இயற்றிய சட்டம் அவற்றை உடுத்துவதையே குற்றமாக்கி 1774இல்தான் விலகியது. தடை இருந்த காலத்திலும் கடத்திக்கொண்டுவந்து உடுத்தினார்கள் என்பது வேறு கதை.

வரைபவருக்கு அத்துணியில் உள்ள செல்வம் பெரிது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்தார்கள். பாலின் கொழுப்பு, கலம் எனப்படும் எழுதுகோலால் போடும் கோடு கசியாமல் காக்கும். இரும்பு ஊறிய நீரால் கருங்கோடு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, இம்பூறல் எனப்படும் சாயவேரோடு கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் செம்மை பிடிக்கும். நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவார்கள். மஞ்சளைக் கடைசியில் தூரிகையால் தீட்டுவார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் பட்ட இடம் பச்சை. இந்த மஞ்சள்தான் துவைத்தும் வெயில் பட்டும் முதலில் போனது. அருங்காட்சியக கவுன் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் கொடிகளில் இலைகள் நீலமாக இருக்கும். சில இலைகளில், தையல் மடிப்பின் உள்ளே வெயில் படாத ஓரத்தில், பச்சை இன்னும் எஞ்சியிருக்கலாம். நீல இலையை வரைந்தால் அருங்காட்சியகப் பொருளை வரைகிறீர்கள், பச்சை இலையை வரைந்தால் அதை உடுத்திய பெண்ணை வரைகிறீர்கள். நான் பச்சையையே தேர்வேன். உங்களுக்கு எது வேண்டும் என்பதை வரையுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள், ஒரே கொடியில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

பழைய நிறமிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஈய வெள்ளை நஞ்சு. 1775இல் வந்த ஷீலேயின் பச்சை ஆர்செனிக் கலந்தது. டைட்டானியம் வெள்ளையும் துத்தநாக வெள்ளையும் உங்களுக்குப் போதும்: முன்னது மறைக்க, பின்னது மென்மையாகக் கலக்க. ஆஃப்கன் மலையிலிருந்து வந்த லாபிஸ் கல்லின் நீலமும், 1820களில் பிரான்சில் ஆலையில் செய்யத் தொடங்கிய அல்ட்ராமரைனும் வேதியியலில் ஏறத்தாழ ஒன்றே. உண்மையான பதினெட்டாம் நூற்றாண்டு நிறமி ஒன்று வேண்டுமென்ற ஆசை இருந்தால் பிரஷ்ய நீலம் வாங்குங்கள். பெர்லினில் 1700களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, இன்றும் அதே பொருளாக விற்கிறது. அலிசரின் கிரிம்சன் மட்டும் வேண்டாம், வெளுக்கும். குவினாக்ரிடோன் சிவப்பு அந்த இடத்தை நிரப்பும். கோவை வெயில் இதற்கு இலவசச் சோதனைச்சாலை: எல்லா வண்ணங்களையும் பட்டை பட்டையாகத் தீற்றி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, தெற்குச் சன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். தாளை எடுத்ததும் எந்த ட்யூபைத் தூக்கிப் போடுவது என்பது தெரிந்துவிடும்.

காகிதம் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையில், மேற்பரப்பு வழவழப்பாக இருக்கட்டும். சொரசொரப்புத் தாளில் லேஸ் வராது. முடித்த குவாஷ் படத்தைக் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவே அட்டைச் சட்டம் வைத்து மாட்டுங்கள், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அதுவே வழி.

ஆயில் ட்யூப்களைத் தூக்கிப் போடாதீர்கள், மூடியை இறுக்கி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. வெல்வெட்டின் ஆழமான இருட்டு ஆயிலில்தான் முழுமையாக வரும். குவாஷில் பத்துப் பன்னிரண்டு கவுன்கள் வரைந்தபின், டர்பென்டைன் வாடை வெளியேறச் சன்னல் உள்ள அறையில், சிறிய கேன்வாஸில் ஒரு சட்டைக் கையை மட்டும் வரைந்து தொடங்குங்கள்.