குறிப்புத்தாள் இல்லாத கிட்டார் கிட்டை எப்படிப் பூட்டுவது?

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டாரை நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பு (கிட்) ஒன்று குறிப்புத்தாள் இல்லாமல் வந்திருக்கிறது, முன் அனுபவமும் இல்லை, பூட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட அந்த வடிவமே, தனித்தனியாகச் செய்த கழுத்தையும் உடலையும் திருகாணிகளால் இணைப்பதுதான்.

வண்ணம் பூசுவதற்கு முன்பே எல்லாப் பாகங்களையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கழுத்து உட்காரும் குழியில் வண்ணம் படியாதபடி டேப் ஒட்டிவிடுவது அவசியம்.

அதிகக் கவனம் தேவைப்படுவது, உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகமான பிரிட்ஜின் இடத்தில்தான். இவ்வகையில் தந்தியின் அதிரும் நீளம் 648 மி.மீ. என்பதால், நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு) 12-ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை 324 மி.மீ. இருக்கும், அங்கிருந்து மெல்லிய தந்தியின் சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் அமரும் நகரும் துண்டு) வரையிலும் ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். தடித்த தந்திகளுக்குச் சற்றுக் கூடுதல் நீளம் வேண்டியிருப்பதால், சேடில்கள் பின்னால் நகர இடம் விட்டே குறியிடுங்கள். துளைகள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தாலும் அளந்து பார்ப்பது நல்லது. இரண்டு ஓரத் தந்திகளின் பாதையில் நூல் கட்டிப் பார்த்தால், கழுத்து கோணலாக இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

கழுத்தின் மேப்பிள் மரம் கடினமானது. முன்துளை இடாமல் முறுக்கினால் டியூனரின் (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பாகம்) சிறு திருகாணிகள் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும். மரையில் கொஞ்சம் மெழுகு தடவிக்கொள்ளுங்கள்.

வயரிங்கில், பின்புற ஸ்பிரிங் குழியின் உலோகத் தகட்டுக்குச் செல்லும் எர்த் கம்பியை விட்டுவிட்டால், தந்தியைத் தொட்டாலும் ஆம்ப்பின் (ஒலியைப் பெருக்கும் கருவி) இரைச்சல் குறையாது. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதனுள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் தந்தி கட்டிய பிறகே, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேற்படாமல் திருப்புங்கள்.