ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றும் முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 1970-களில் வந்த பின்சக்கர இழுவை கார். ஸ்டீயரிங்கில் நான்கு விரல் அளவு பிளே (சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடும் வெற்று ஆட்டம்) இருக்கிறது. நிறுத்தும்போது திருப்பினால் தோள் கழன்றுவிடும்போல் கனம். ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டியான பாக்ஸைத் தூக்கிவிட்டுப் புது காரின் ரேக் அண்ட் பினியனை (பல் வெட்டிய நீளக் கம்பியும் சிறு பல்சக்கரமும்) மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?

மாட்ட முடியும். ஆனால் நான் மாட்டமாட்டேன். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பிளேக்குக் காரணம் பாக்ஸாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கனத்துக்கு வேறு மருந்து.

முதலில் பிளே. எஞ்சினை அணைத்து, சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஜாக் போட வேண்டாம். பாரம் இல்லாவிட்டால் தேய்ந்த மூட்டுகள் தங்களைக் காட்டிக்கொடுக்காது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்டட்டும். நீங்கள் அடியில் படுத்து, ஒவ்வொரு மூட்டின் மேலும் கட்டைவிரலை வையுங்கள். தேய்ந்த டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனி மூட்டு) விரலுக்கடியில் 'டிக்' என்று தட்டும். பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் பக்கவாட்டில் போகாமல் மேலும் கீழும் ஏறி இறங்கினால் அதன் புஷ் போய்விட்டது. ஸ்டீயரிங் வீலிலிருந்து இறங்கும் காலம் (column) ஷாஃப்ட் திரும்பியும் பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் தாமதமாகத் திரும்பினால் நடுவில் இருக்கும் ரப்பர் கப்ளிங்தான் ஆள். உள்ளே போகும் ஷாஃப்ட் திரும்புகிறது, ஆனால் பாக்ஸிலிருந்து வெளியே வந்து கம்பிகளைத் தள்ளும் பிட்மேன் ஆர்ம் அசையவில்லை என்றால்தான் பாக்ஸைக் குற்றம் சொல்ல வேண்டும்.

பாக்ஸ் சேஸியில் பிடித்திருக்கும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வண்டியில் நான் பாக்ஸை இரண்டு முறை பிரித்துக் கோத்தும் பிளே போகவில்லை. மூன்றாம் முறைதான் கண்ணில் பட்டது: போல்ட் துளையிலிருந்து சேஸியில் மயிரிழை விரிசல். ஸ்டீயரிங்கை ஆட்டும்போதெல்லாம் அது மூச்சு விடுவதுபோல் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பாக்ஸ்தான் காரணம் என்று தெரிந்தால், பலரும் பாக்ஸின் மேலே இருக்கும், உள்ளே பல்களை நெருக்கும் ஸ்க்ரூவை இறுக்குவார்கள். இதில்தான் வம்பு. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பல்லின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். அந்த இடத்தில் பிளே முழுக்கப் போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் பல் பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்து கையை விட்டால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. நெடுஞ்சாலையில் இது பிளேயை விட மோசம். முதலில் வார்ம் (பாக்ஸுக்குள் ஷாஃப்டில் இருக்கும் திருகுப் பல்) பேரிங்கின் ஆட்டத்தை எடுக்க வேண்டும், பிறகுதான் அந்த ஸ்க்ரூ. இரண்டையும் பிட்மேன் ஆர்மோடு சேரும் லிங்க்கைக் கழற்றிவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செய்ய வேண்டும். பாக்ஸின் நடு எது என்பதை ஸ்டீயரிங் வீலின் கம்பியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். அலைன்மெண்ட் செய்தவர் டை ராடைச் சரிசெய்யாமல் ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக்கி மாட்டியிருந்தால், நீங்கள் நேராக ஓட்டும்போது பாக்ஸ் நடுவில் இருக்காது. அப்படிப்பட்ட வண்டிகளை நிறையப் பார்த்தாயிற்று.

உள்ளே கியர் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சீல் ஒழுகுகிறதே என்று சாதா கிரீஸை அடைத்திருப்பார்கள். பல் அதை ஒருமுறை ஒதுக்கித் தள்ளினால் அது திரும்பி வராது. பல் காய்ந்தே ஓடும்.

இனி ரேக். உங்கள் காரில் சக்கரம் மேடு ஏறும்போது சஸ்பென்ஷன் ஆர்மும் டை ராடும் சேர்ந்து மேலே போகின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வளைகோட்டில் போகும்படிதான் அந்தக் கால எஞ்சினியர் நீளத்தையும் மூட்டுகளின் இடத்தையும் வைத்திருப்பார். வேறு காரின் ரேக்கில் உள்மூட்டுகள் வேறு இடத்தில் இருக்கும். வளைகோடுகள் ஒத்துப்போகாவிட்டால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்பும். இதைத்தான் பம்ப் ஸ்டீர் என்கிறோம். ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) எவ்வளவு மாறுகிறது என்று அளக்கத் தெரிந்தவர் கையில் மட்டுமே ரேக் வேலையைக் கொடுக்கலாம். இடப்பக்க ஸ்டீயரிங் காரின் ரேக்கைக் கவிழ்த்து வலப்பக்கத்துக்குப் பொருத்தி, வலம் திருப்பினால் இடம் போகும் வண்டியை உருவாக்கியவர்களும் உண்டு. பாக்ஸ் என்றாலே பழம்பொருள் என்று நினைக்க வேண்டாம்; முன்னால் இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் ஆக்ஸில் இருக்கும் ஜீப் ராங்லரில் இன்றும் பாக்ஸ்தான்.

கனத்துக்கு வருகிறேன். அகலமான டயர் போட்டிருக்கிறீர்களா? காற்று சரியா? முன்சக்கரம் எதன்மேல் திரும்புகிறதோ அந்தக் கிங் பின்னோ பால் ஜாயிண்ட்டோ காய்ந்திருக்கிறதா? இவையெல்லாம் சரி என்றால், உங்கள் கார் குடும்பத்திலேயே பவர் ஸ்டீயரிங்கோடு வந்த மாடலின் பாக்ஸைத் தேடுங்கள். அதே போல்ட் துளைகள், அதே நீள பிட்மேன் ஆர்ம் என்றால் ஜியாமெட்ரி கெடாது. பம்ப், பிராக்கெட், பெல்ட், ஹோஸ், சில சமயம் காலம் ஷாஃப்டின் நீளம் ஆகியவை கூடுதல் வேலை. பாக்ஸைத் தொடாமல் ஸ்டீயரிங் காலத்தில் (column) எலக்ட்ரிக் மோட்டார் வைப்பது இன்னொரு வழி. பவர் இல்லாமல் வேகமான ரேஷியோ பாக்ஸை (ஸ்டீயரிங்கைக் குறைவாகத் திருப்பினாலே சக்கரம் அதிகம் திரும்புவதை) மட்டும் போட்டுவிடாதீர்கள்: 24:1 இருந்த இடத்தில் 16:1 போட்டால் கைக்கு ஒன்றரை மடங்கு கனம்.

பிட்மேன் ஆர்மைச் சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள், புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். ஆர்ம் அமரும் ஷாஃப்டின் பல்வரியான ஸ்ப்லைனில் முன்கூட்டியே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஆர்மைச் சூடாக்கி வளைக்கிறேன், வெல்டு வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் முன்பக்கத்தைத் தூக்கி இரு கோடிவரை திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கும் உரசவில்லையா என்று பாருங்கள். பிறகு இறக்கி அதையே செய்யுங்கள். அலைன்மெண்ட் முடிந்து முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டிலும் மறுபடி ஸ்பேனர் வையுங்கள்.