மூலை மடித்த பக்கங்கள்

அன்புள்ள அக்கா,

நான் அட்லாண்டாவில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் கறுப்பினத் தோழி வீடு மாறும்போது, இறந்துபோன தன் அம்மா சேர்த்து வைத்திருந்த 'எசென்ஸ்' பத்திரிகைக் கட்டு ஒன்றைப் படித்துவிட்டுத் தரச் சொன்னாள். எல்லாம் 1980-களிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரையான இதழ்கள். ஆசையாகப் புரட்டினேன், ஏமாற்றமாக இருந்தது. பாதிக்குப் பாதி தலைமுடி. மீதி கிரீம், உதட்டுச் சாயம், நடிகைகள். அந்த அம்மா மூலை மடித்து வைத்திருந்த பக்கங்களும் பெரும்பாலும் முடி சம்பந்தப்பட்டவைதான். இவ்வளவு போராடிய சமூகத்தின் பெண்கள் பத்திரிகை ஏன் இத்தனை மேலோட்டமாக இருக்கிறது? கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாக ஒரு பத்திரிகை தேவைதானா? நம் தமிழ்ப் பெண்கள் பத்திரிகைகள் இதைவிடப் பரவாயில்லையோ?

உங்கள் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அண்ணன் பேத்திக்குப் பழனியில் மொட்டை போட்டுவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தோம். குழந்தையின் முடி தரையில் விழுந்ததையும், அதைக் கூட்டி எடுத்துப் போனதையும் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு பழைய நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

தனிப் பத்திரிகை தேவையா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்க 'வோக்' ஃபேஷன் பத்திரிகை தன் அட்டையில் முதன்முதலாக ஒரு கறுப்பினப் பெண்ணைப் போட்டது 1974 ஆகஸ்டில். பெவர்லி ஜான்சன். அதற்கு நாலு வருடம் முன்பே, 1970 மே மாதம், 'எசென்ஸ்' 50,000 பிரதிகளோடு வந்துவிட்டது. கறுப்பினத்தவருக்கான 'எபனி' பத்திரிகையின் ஃபேஷன் ஷோவை நடத்திய யூனிஸ் ஜான்சன், தன் மாடல்கள் தங்கள் நிறத்துக்கு ஒத்த பவுடர் கிடைக்காமல் இரண்டு மூன்றைக் கலந்து பூசிக்கொள்வதைப் பார்த்தார். பெரிய கம்பெனிகள் செய்து தர முன்வரவில்லை. 1973-இல் அவரும் கணவரும் 'ஃபேஷன் ஃபேர்' என்று சொந்தமாகவே ஓர் அழகுப்பொருள் கம்பெனி தொடங்கினார்கள். தேவையா என்று கேட்கலாமா இதை?

தமிழ்ப் பத்திரிகைகளோடு ஒப்பிடுவதை விடுங்கள். அது வேறு கதை, வேறு நாள்.

ஆனால் 'மேலோட்டம்' என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டுவிட்டது. ஏம்மா, தலைமுடி மேலோட்டமான விஷயம் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒரு பெண் பின்னல் போட்டுக்கொண்டு வேலைக்கு வரக் கூடாது என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சொன்னது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1981-இல் நியூயார்க் நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பின்னல் பிறவியிலேயே வருவதில்லை, மாற்றிக்கொள்ளக்கூடியதுதானே என்பது அவர்கள் வாதம். கவிஞர் ஆட்ரி லார்ட் கரீபியனில் ஒரு தீவுக்கு விடுமுறைக்குப் போய் இறங்கியபோது, சடைமுடி வைத்திருக்கிறார் என்பதற்காகவே குடியேற்ற அதிகாரி தடுத்து நிறுத்தினார். அதை அவர் எங்கே எழுதினார் தெரியுமா? 1990-இல், இதே 'எசென்ஸ்' பத்திரிகையில். பிறந்த முடியோடு ஒரு பெண் வேலைக்கும் பள்ளிக்கும் போகலாம் என்று முதன்முதலாக ஒரு மாநிலம் சட்டம் போட்டது 2019-இல், கலிஃபோர்னியாவில். 2019! அந்த அம்மா எதற்காக மூலை மடித்தார் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? மறுநாள் காலை எந்தத் தலையோடு ஆபீஸ் போனால் சம்பளம் நிற்காது என்று அவர் பார்த்திருக்கலாம்.

முடி மேலோட்டமான விஷயம் இல்லை என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கணவர் வேலையாக நியூஜெர்சியில் இரண்டு வருடம் இருந்தோம். எங்கள் வீட்டுக்குக் கீழே கறுப்பினப் பெண்களுக்கான ஒரு சலூன். எனக்கு நல்ல சுருட்டை முடி. "சுருட்டை முடி சோறு போடும்" என்று பாட்டி சொல்லிச் சொல்லி வளர்த்த முடி. அமெரிக்கக் குளிரில் அது வறண்டு சிக்காகிப் போனதும் கீழே இறங்கிப் போனேன். சலூன்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதற்கு எண்ணெய் போதும், வேறு எதுவும் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை. அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் சும்மாவே போய் உட்கார ஆரம்பித்தேன். அங்கேதான் 'எசென்ஸ்' எனக்கு அறிமுகம். இருபது வருடம் ஆசிரியராக இருந்த சூசன் டெய்லர் எழுதிய பத்தியைச் சலூன்காரம்மா பழைய இதழ்களிலிருந்து சத்தமாகப் படிப்பார். தலையில் துண்டோடு இருக்கிற பெண்கள் பிரசங்கம் கேட்பதுபோல் ஆமாம் போடுவார்கள். அந்த டெய்லர் அதே பத்திரிகையில் அழகுக் குறிப்புப் பகுதியின் ஆசிரியராக இருந்து மேலே வந்தவர்தான்.

ஒரு நாள் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. ரிலாக்ஸர் போட. சுருட்டையை நேராக்குகிற களிம்பு அது. அன்று போட்ட வகையில் சோடியம் ஹைட்ராக்சைடு இருந்தது. நம் ஊரில் சோப்புக் காய்ச்சுகிற, அடைத்துக்கொண்ட குழாயில் கொட்டுகிற அதே காஸ்டிக் சோடா. தலைத்தோல் வெந்துவிடாமல் இருக்க முதலில் வாஸலின் தடவினார்கள். அப்படியும் குழந்தை எரியுது எரியுது என்று அழுதது. இன்னும் ரெண்டு நிமிஷம்டா கண்ணு என்கிற தொனியில் அதன் அம்மா ஒரு கையால் குழந்தையின் கையைப் பிடித்திருந்தார், இன்னொரு கையில் பத்திரிகை. அது திறந்திருந்த பக்கத்தில் பளபளவென்று நேர்முடியோடு ஒரு குழந்தை சிரித்தது. ரிலாக்ஸர் விளம்பரம்.

எனக்கு அந்தப் பத்திரிகைகளின் மேல் ஒரு கோபம் உண்டென்றால் அது இதுதான். முடியைப் பற்றி நிறைய எழுதினார்கள் என்று நீங்கள் குறைப்படுகிறீர்கள். முடியில் தடவுவதைப் பற்றிப் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் குறை. எப்படி எழுதுவார்கள்? கார் கம்பெனியும் வங்கியும் கறுப்பின வாசகிகளுக்கு விளம்பரம் கொடுக்கத் தயங்கிய காலத்தில் நம்பிக்கையாகக் காசு கொடுத்தவர்கள் முடிக் களிம்புக்காரர்கள். அவர்கள் கொடுத்த காசில்தான் கவிதையும் அரசியலும் அச்சாயின. 2022 அக்டோபரில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு வெளியிட்டது. 33,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஏறக்குறைய 11 வருடம் கவனித்த ஆய்வு. முடி நேராக்கும் பொருள்களை உபயோகிக்காதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். வருடத்தில் நாலு தடவைக்கு மேல் உபயோகித்தவர்களுக்கு 4.05 சதவீதம். இதனால்தான் அது வந்தது என்று ஆய்வு அடித்துச் சொல்லவில்லை, தொடர்பு இருக்கிறது என்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அன்று அழுத அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறாளோ, நன்றாக இருக்க வேண்டும்.

ஆகவே பத்திரிகையின் தரத்தைப் பார்க்கிறவர்கள் கட்டுரையைப் பார்ப்பதோடு நின்றால் போதாது. எதிர்ப்பக்க விளம்பரத்தைப் பாருங்கள், முதலாளி யார் என்று பாருங்கள். 2005-இல் பெண்களை இழிவுபடுத்துகிற பாட்டுகளுக்கும் வீடியோக்களுக்கும் எதிராக 'எசென்ஸ்' ஓர் இயக்கமே நடத்தியது, உங்கள் கட்டில் அந்த இதழ்கள் இருக்கிறதா தேடுங்கள். அதே வருடம்தான் டைம் நிறுவனம் பத்திரிகையை முழுக்க வாங்கியது. 2018-இல் திரும்பவும் கறுப்பின முதலாளி கைக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷம். வாங்கியவர் ரிச்செலு டென்னிஸ், லைபீரியாவில் பிறந்தவர், இயற்கை முடிக்கான ஷாம்பு, கிரீம் கம்பெனியை வளர்த்தவர். அந்தக் கம்பெனியை அவர் கொஞ்சம் முன்னால்தான் யுனிலீவருக்கு விற்றிருந்தார். 1975-லிருந்து நம் பெண்களுக்கு ஃபேர் அண்ட் லவ்லி விற்றுவந்த குடும்பம். களிம்புக்காசு எப்படியும் சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறது. இதைச் சொல்வதால் டென்னிஸை நான் குறைசொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்திரிகை நடத்தப் பணம் வேறு எங்கிருந்து வரும் என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை.

பழனி என்று ஆரம்பித்தேனே. அந்தச் சலூனில் ஒரு அலமாரி முழுக்கப் பாக்கெட் பாக்கெட்டாகச் சவுரி. 'இந்தியன் ஹேர்' என்று போட்டிருக்கும், விலையும் அதிகம். இது உங்கள் ஊர் முடிதானே என்று சலூன்காரம்மா ஒரு நாள் கேட்டார். கோயிலுக்குக் கொடுப்போம், அங்கே ஏலம் விடுவார்கள் என்றேன். எதற்குக் கொடுப்பீர்கள் என்றார். எனக்கு ஆறு வயதில் அம்மை போட்டுப் பிழைத்ததற்கு அம்மா பழனிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டதைச் சொன்னேன். அவர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்படியானால் இதைத் தரையில் வைக்கக் கூடாது" என்று மேல்தட்டில் ஏற்றி வைத்தார்.

உங்கள் கேள்விக்கு முழுசாகப் பதில் சொன்னேனா தெரியவில்லை. அந்தக் கட்டைத் தோழியிடம் திருப்பிக் கொடுக்கும்போது மடித்த மூலைகளை நிமிர்த்திவிடாதீர்கள். அவள் அம்மா மடித்தது, அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா