45,000 ரூபாய்க்கு ஒரு பழைய டிவி கேம்: வாங்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 42 வயது. கொட்டாஞ்சேனையில் அண்ணாவும் நானும் ஒரே டிவி கேமில் மாறி மாறி விளையாடி வளர்ந்தோம். அண்ணா இப்போது டொரொன்டோவில். ஜப்பானில் இருந்து வந்த ‘ஒரிஜினல்’ ஃபேமிகொம் ஒன்றை ஒருவர் 45,000 ரூபாய்க்கு விற்கிறார். வாங்க ஆசை. மனைவி “உங்களுக்கு விசரா?” என்கிறா. பழைய மரியோவை போனில் இறக்கி, பெரிய டிவியில் இணைத்துப் பார்த்தேன். பாட்டு வேகமாகப் போவது போல் இருக்கிறது, முதல் குழியிலேயே விழுகிறேன். 11 வயது மகன் ஐந்து நிமிஷத்தில் எழும்பிப் போய்விட்டான். இது வயசுக் கோளாறா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, காசை இன்னும் கொடுக்கவில்லைத்தானே? அப்படியே வைத்திருங்கள்.

வயசைப் பிறகு பார்ப்போம், முதலில் சாமான். நின்டெண்டோவின் ஃபேமிகொம் 1983 ஜூலையில் ஜப்பானில் வந்தது. வெள்ளையும் கடும் சிவப்பும் கலந்த பெட்டி. இரண்டு கன்ட்ரோலரும் பெட்டியோடேயே வயரால் பிணைந்திருக்கும். இரண்டாவதில் ஸ்டார்ட் பட்டன் இல்லை, அந்த இடத்தில் சின்ன மைக் ஒன்று. நீங்கள் விளையாடியது இப்படியா இருந்தது? ‘64 இன் 1’ கசெட், பட்டியலில் கீழே போகப் போக அதே மரியோ வேறு பெயரில் வந்து நிற்பது, கன்ட்ரோலரில் கூடுதலாக இரண்டு டர்போ பட்டன்: இவைதான் ஞாபகம் வருகிறது என்றால் உங்கள் வீட்டில் இருந்தது நகல். 90களில் இங்கே பிள்ளைகள் தட்டித் தேய்த்தது பெரும்பாலும் அந்த நகல்களைத்தான். ஆக, 45,000 கொடுத்து வாங்கப்போவது நீங்கள் ஒருநாளும் விளையாடியிராத ஒரு மெஷினை.

அதுவும் இங்கே சுலபமாக ஓடாது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். கூட வரும் அடாப்டரை நம் 230இல் செருகினால் புகைதான் மிச்சம். படம் அன்டெனா வயர் வழியாக வரும். ஜப்பானின் சனல் அலைவரிசை வேறு, கலர் முறை என்.டி.எஸ்.சி.; நம்முடையது ‘பால்’ (PAL) என்ற முறை. ஏவி வயர் போடக்கூடியதாக மாற்றியிருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். “டிவியில் போட்டுக் காட்டுங்கோ” என்றதும் அவர் கதையை மாற்றினால், நீங்கள் எழும்பி வந்துவிடலாம்.

பாட்டு வேகமாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பிரமை இல்லை. ஜப்பான், அமெரிக்க மெஷின்கள் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். பால் டிவிக்காகச் செய்தவை 50 முறைதான். மரியோவின் ஓட்டமும் பாட்டின் தாளமும் இந்தக் கணக்கிலேயே போவதால், பால் மெஷினில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். அந்த மெதுவான பாட்டில் ஊறிய காது உங்களுடையது. போனில் இறக்கிய எமுலேட்டர், அதாவது பழைய மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள், 60இல் ஓடுகிறது. செட்டிங்ஸில் ‘டென்டி’ என்று ஒரு தெரிவு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். ரஷ்யாவில் விற்ற, 50இல் ஓடும் ஒரு நகல் மெஷினின் பெயர் அது.

குழியில் விழுவதற்கும் முழுப் பழியை வயசின் மேல் போடாதீர்கள். பழைய, பின்பக்கம் புடைத்த டிவி வந்த சிக்னலை வந்த கையோடு திரையில் கீறிவிடும். புது டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகு போட்டுத்தான் காட்டும். போனில் இருந்து வயர் இல்லாமல் அனுப்பினால் இன்னும் பிந்தும். நீங்கள் பட்டனை அழுத்தும்போது மரியோ உண்மையில் குழிக்குள் காலை வைத்துவிட்டான், திரைதான் உங்களுக்குச் சொல்லவில்லை. டிவியில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள். அதற்குப் பிறகும் விழுந்தால், சரி, வயசுதான்.

அண்ணாவும் நீங்களும் விளையாடிய பெட்டி எங்கே போனதென்று நீங்கள் எழுதவே இல்லை. அம்மா வீட்டு அலுமாரியின் மேல்தட்டையும் கட்டிலுக்குக் கீழும் பார்த்துவிட்டீர்களா? அகப்பட்டால் உடனே பிளக்கில் செருக வேண்டாம். 30 வருஷம் கிடந்த அடாப்டரை நம்பக்கூடாது. பழைய டிவி திருத்தும் பாஸ் ஒருவரிடம் கொடுத்து, வோல்ட் சரியா, பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம், உள்ளே கெப்பாசிட்டர் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கசெட்டின் செம்புப் பற்களை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், கறுப்பாக அழுக்கு வரும். வாயால் ஊத வேண்டாம். அன்று நாம் ஊதியதால் வேலை செய்தது என்று நினைத்தோம். கழற்றித் திரும்பச் செருகியதில் பற்கள் சரியாகப் பொருந்தின, அவ்வளவுதான். எச்சில் ஈரம் பற்களை அரித்ததே மிச்சம். வெள்ளவத்தைக் கடற்காற்று அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

பெட்டி கிடைக்கவில்லையென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் ஒரு சுற்று வாருங்கள். விளையாட்டுகளை உள்ளேயே வைத்து விற்கும் மலிவு மெஷின்கள் 45,000க்குக் கிட்டவும் வராது. சிலவற்றில் ஒலி கொஞ்சம் கரகரப்பாக மாறிக் கேட்கும். ஒரிஜினல் ஒலிதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு அது பிடிக்காது. உங்களுக்கு ஒருவேளை அதுதான் சரியான ஒலியாகப் படும்.

மகன் எழும்பிப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1985இல் வந்த ஒரு விளையாட்டின் முன் அவனைத் தனியே இருத்தி, பின்னால் நின்று “இப்ப குதி, இப்ப குதி” என்றிருப்பீர்கள். அந்த மரியோவில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. எல்லா உயிரும் போனால் முதலில் இருந்து. ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாடலாம், மற்றவர் காத்திருக்க வேண்டும். நீங்கள் அண்ணாவுக்காகக் காத்திருந்தீர்கள், ஏனென்றால் வீட்டில் வேறொன்றும் இல்லை. அவன் ஏன் காத்திருக்க வேண்டும்? கொன்ட்ரா என்ற சுடும் விளையாட்டைப் போடுங்கள், இருவரும் ஒரே நேரத்தில் ஒரே திரையில் ஓடலாம். தொடங்கும் முன் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் 30 உயிர். அதைச் செய்த கொனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமொட்டோ 1986இல் கிரேடியஸ் என்ற இன்னொரு விளையாட்டை வீட்டு மெஷினுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கத் தனக்கே கஷ்டமாக இருக்கிறதென்று ஒளித்து வைத்த குறுக்கு வழி இது. செய்தவருக்கே முடியவில்லை என்று மகனிடம் சொல்லிப் பாருங்கள், அவனுக்குக் கொஞ்சம் மரியாதை வரும். வரிசை மறந்துவிட்டால் அண்ணாவுக்குக் கோல் அடியுங்கள். இங்கே ஞாயிறு காலை என்றால் அங்கே சனி இரவு, விழித்திருப்பார். வீடியோவைப் போட்டுவிட்டு அவரை இரண்டு பேருக்கும் திட்டச் சொல்லுங்கள்.

மனைவி சொன்னது 45,000க்குச் சரி, ஆசைக்குச் சரியில்லை. திருத்தக் கூலியோ மலிவு மெஷினோ, ஒரு தொகையை இருவரும் கதைத்து முடிவு செய்யுங்கள், அதைத் தாண்டாதீர்கள். அந்தப் பெட்டியோடு வாத்துச் சுடும் துவக்கும் அகப்பட்டால் அதை மட்டும் மறந்துவிடுங்கள். பழைய டிவித் திரையின் ஒளிப்பொட்டைப் பிடித்துத்தான் அது குறியை அறியும், புது டிவியில் ஒரு வாத்தும் விழாது. அதற்காகப் பழைய டிவி தேடிப் புறப்பட்டால் உங்கள் மனைவிதான் அடுத்த மாதம் எனக்கு எழுதுவா, நான் அவ பக்கம்.