மலையும் சர்வரும்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவை நிர்வகிக்கிறார். பதினாறு ஆண்டுகளாக மலை ஏறுகிறார்.)

திருவனந்தபுரத்தில் சர்வர் நிர்வாகியாக வேலை செய்கிறேன். தினமும் ரயிலில் போய் வருகிறேன். சனி, ஞாயிறு மட்டுமே ஓய்வு. அந்த இரண்டு நாள்களில் மலையேறிப் பழகி, அடுத்த ஆண்டு இமயமலைக்குப் போக முடியுமா?
– ஒரு வாசகர், இரணியல்

போகலாம். ஆனால் முதலில் ஒரு கணக்கு. கன்னியாகுமரியிலிருந்து கட்ராவுக்குப் போகும் ஹிமசாகர் எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமை ஏறினாலும் ஞாயிறு இரவு நீங்கள் ரயிலில்தான் இருப்பீர்கள். மூன்று நாள் பயணம் அது. ஆகவே இமயமலைக்கு வார இறுதி போதாது. விடுப்பு எழுதித்தான் ஆக வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளாவது எழுதுங்கள்.

காரணம் தூரம் மட்டுமல்ல. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலைநோய் பொதுவாகத் தலைகாட்டுவதே 2,500 மீட்டருக்கு மேல்தான். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் பாதி. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் உடம்பு அதற்குப் பழக நாள் பிடிக்கும். 3,000 மீட்டரைத் தாண்டினால், இன்று படுத்த உயரத்தைவிட நாளை படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் வழி. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் இருக்கவும் வேண்டும். இதற்கு நம் ஊரில் பயிற்சி கிடையாது. நம் மலைகள் காலைப் பழக்கும், அவ்வளவுதான்.

காலைப் பழக்க நான் சொல்வது மருந்துவாழ்மலை. நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலையில் பொற்றையடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அடிவாரம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிதறிய துண்டு என்பார்கள். கீழே படிகள் இருக்கின்றன. மேலே போகப் போகப் பாறைதான். விடியும் முன் தொடங்குங்கள், ஏழு மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். முதல் மாதம் வெறும் பையோடு ஏறுங்கள். இரண்டாம் மாதம் ஐந்து லிட்டர் தண்ணீர் பையில். மூன்றாம் மாதம் எட்டு லிட்டர், ஒரே காலையில் இரண்டு முறை. உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்காதீர்கள். சுமையோடு இறங்குவதுதான் பயிற்சி. ஏறும்போது மூச்சு வாங்குவதை எல்லோரும் கவனிக்கிறோம். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவது இறங்கும்போதுதான். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிற நம்மைப் போன்றவர்களுக்கு மறுநாள் படியிறங்க முடியாமல் போவது அதனால்தான்.

மாதத்துக்கு நான்கு வார இறுதி என்றும் எண்ணாதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று புதுப்பிப்புகளை வெளியிடுகிறது. அவற்றைச் சர்வர்களில் ஏற்ற வேண்டும். அதற்குப் பின் வருகிற சனிக்கிழமை உங்களுக்கு எங்கே கழியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூலை 19 நினைவிருக்கும்: ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால் உலகமெங்கும் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. அன்று வெள்ளிக்கிழமை. நம் தொழிலில் எல்லாம் வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் விழும். மாதத்தில் இரண்டு ஞாயிறு முழுதாகக் கிடைத்தால் போதும் என்று திட்டமிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எனக்குப் பட்ட அடி ஒன்றே ஒன்று. இடது கணுக்கால். வழுக்குப் பாறையிலும் இல்லை, மழையிலும் இல்லை. நன்றாகக் காய்ந்த, பத்து முறை நடந்த மண்பாதையில். திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது, அதற்காக மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்பதைக் கட்டுப் போட்ட பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து பதினொரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுகிறேன். உச்சி கண்ணெதிரே இருந்தாலும் சரி.

மலைக்குப் போன நேரத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

முன்பெல்லாம் எடுப்பேன். ஒரு ஞாயிறு மருந்துவாழ்மலையில் பாதி வழியில் அழைப்பு வந்தது. பேக்கப் கோப்புகள், அதாவது பாதுகாப்புக்கு எடுத்துவைக்கும் நகல்கள், பெருகி சர்வரின் வட்டு நிரம்பிவிட்டது. பில் கவுன்டர் நின்றுவிட்டது. "அக்கா, வரிசை வாசல் வரை நிற்கிறது" என்றார் பணியிலிருந்த தம்பி. பாறையில் உட்கார்ந்து, எந்த ஃபோல்டரில் எந்தத் தேதிக்கு முந்தைய கோப்புகளை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். குரங்கு வந்தது. "எடுக்காதே, எடுக்காதே!" என்று கத்தினேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு மெல்ல, "பாதி எடுத்துவிட்டேனே அக்கா" என்றார்.

இப்போது வெள்ளி மாலையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: எது விழுந்தால் என்ன செய்வது, எதைத் தொடக் கூடாது, யாரை அழைப்பது. காட்டுக்குள் போனால் எப்படியும் சிக்னல் இருக்காது. நான் இல்லாமல் இரண்டு நாள் ஓடாத சர்வர் என்றால் அது என் வேலையில் உள்ள குறைதான்.

அகத்தியமலைக்குப் பெண்கள் போகலாமா? இரண்டு நாளில் முடியுமா?
– ஒரு வாசகி, குலசேகரம்

போகலாம். தடை கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை அதிகாரி தன்யா சனல் ஏறினார். மறு ஆண்டு நானும் போனேன். ஆனால் இரண்டு நாளில் முடியாது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை. இரண்டாம் நாள் 1,868 மீட்டர் உச்சிக்கு ஏறி முகாமுக்குத் திரும்புதல். மூன்றாம் நாள் போனக்காடு. வெள்ளியோ திங்களோ ஒரு நாள் விடுப்பு வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள்தான் பொதுமக்களை விடுவார்கள், அதுவும் கேரள வனத்துறையின் முன்பதிவில். பொங்காலப்பாறையைத் தாண்டிய பிறகு கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய பாறைகள் வரும். அங்கே முன்னால் போகிறவரின் காலைப் பார்க்காமல் உங்கள் காலைப் பாருங்கள். அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் எடுத்துப் போவதெல்லாம் தேவையில்லை. நீண்ட காலுறை போதும்.

மலைக்குச் செருப்பா, ஷூவா?
– ஒரு வாசகர், தோவாளை

ஷூ. செருப்போடு உங்களைத் தாண்டிப் போகிற உள்ளூர்த் தாத்தாவைப் பார்த்து மனம் மாறாதீர்கள்.

என் மகன் கணினி வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிறும் வீட்டில் தங்குவதில்லை. மலை, மலை என்று போகிறான். குரங்கணித் தீயை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நிறுத்தச் சொல்லலாமா?
– ஒரு தாய், கருங்கல்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. 2018 மார்ச் 11 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் சிக்கியவர்களில் வார விடுமுறைக்கு வந்த கணினித் துறைப் பிள்ளைகளும் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகவே மகனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். போகிற தடத்துக்கு வனத்துறை அனுமதி இருக்கிறதா? கோடையில் தீ அபாயம் உள்ள வாரங்களில் வனத்துறை தடங்களை மூடிவிடும்; அப்போதும் போகிறானா? இரண்டாவதற்கு ஆம் என்றால் தயங்காமல் தடுங்கள்.

மற்ற நாள்களில் நிறுத்தச் சொல்ல வேண்டாம். பதிலாக ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: எந்த மலை, எந்தப் பாதை, கூட யார், எத்தனை மணிக்குத் திரும்புவான், எத்தனை மணிக்கு மேல் நீங்கள் யாரை அழைக்க வேண்டும். என் அம்மா அந்தச் சீட்டைச் சமையலறையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருப்பார். நான் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே அதைக் கிழித்து அடுப்பில் போடுவார். பிறகுதான் "மக்களே, சாப்பிட்டாயா?" என்று கேட்பார். போகும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்து அனுப்புங்கள். கடையில் விற்கிற எந்தச் சத்து மிட்டாயையும்விட அது நல்லது. ஆனால் பைக்குள், கீழே, துணிக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். குரங்குக்குத் தெரிந்துவிடும்.