ஆளும் மிஷினும் ஒரே தாளில்: வாசகர் கேள்விகள்

ஆள் எப்போது வேலை செய்கிறார், மிஷின் எப்போது ஓடுகிறது, எது எப்போது காத்திருக்கிறது என்று ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதுதான் ஆள்-மிஷின் சார்ட். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

அண்ணாச்சி, பேட்டையில் சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் கடைசல் மிஷின்) வைத்திருக்கிறேன். ஜாப் (கடைகிற உருப்படி) கழற்றி மாட்ட 2 நிமிடம், அளவு சரியா என்று கேஜ் வைத்துப் பார்க்க 1 நிமிடம், மிஷின் தானாக ஓடுவது 7 நிமிடம். ஒரு ஆள் எத்தனை மிஷின் பார்க்கலாம்?

நேரத்தை அளந்து எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். கேஜ் வைக்கும்போது மிஷின் நிற்கிறதா, ஓடுகிறதா? நிற்கிறது என்றால் சுற்றுக்கு 10 நிமிடம், 8 மணி நேரத்தில் 48 ஜாப். கழற்றியதை ஓரமாக வைத்து, அடுத்ததை மாட்டி ஓடவிட்ட பிறகு கேஜ் வையுங்கள். சுற்று 9 நிமிடமாகும், 53 ஜாப் வரும். பைசா செலவில்லை. புது இன்செர்ட் (வெட்டும் முனை) போட்ட முதல் ஜாப்புக்கு மட்டும் நிறுத்தியே பாருங்கள். இல்லாவிட்டால் அளவு தப்பியது தெரிவதற்குள் இன்னொன்றும் கெட்டுப்போகும்.

சுற்று 9 நிமிடம், அதில் ஆளின் வேலை 3 நிமிடம்; கணக்குப்படி 9-ஐ 3-ஆல் வகுத்தால் 3 மிஷின். நான் 2 தான் சொல்வேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் நேரத்தை நீங்கள் எழுதவே இல்லை. இரும்புச் சுருள் அள்ளவும் நேரம் வேண்டும். 3 கொடுத்தால் ஆளுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட இடைவெளி கிடைக்காது.

என் மிஷின் அதிக நேரம் சும்மா நிற்கிறது. என்ன செய்யலாம்?

என்ன மிஷின்? மாட்ட எவ்வளவு நேரம், ஓட எவ்வளவு நேரம்? ஊர் பெயர்கூட இல்லாத கடிதத்துக்கு என்ன பதில் சொல்ல? மிஷின் பக்கத்தில் நின்று பத்துச் சுற்று அளந்து அனுப்புங்கள்.

சங்கரன்கோவிலில் 6 விசைத்தறிக்கு ஒரு ஆள். சார்ட் போட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வருகிறதே?

வரத்தான் செய்யும். லேத் சொன்ன நேரத்தில் நிற்கும். தறி, இழை அறுந்தால் நிற்கும். அது எப்போது அறும் என்று யார் சொல்ல முடியும்? ஒன்றில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நின்றுவிடும். இதற்கு ஆள்-மிஷின் சார்ட் சரிப்படாது. ஒரு நாளைக்கு 40 தடவை, முன்கூட்டிச் சொல்லாமல் வெவ்வேறு நேரத்தில் தறிக்கூடத்துக்குள் போய், எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று கோடு போட்டு வாருங்கள். தறிக்கு ஒரு கோடு என்றால் 6 தறிக்கும் 10 நாளில் 2,400 கோடு சேரும். 1930-களில் டிப்பெட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பஞ்சுத்தொழிலுக்காகக் கொண்டுவந்த முறை இது. நின்ற காரணத்தையும் குறியுங்கள்: பாவு (நீள இழை) அறுந்ததா, ஊடை (குறுக்கு இழை) அறுந்ததா, ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்ததா. நூல் மட்டமாக இருந்தால் அதுவும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆள்-மிஷின் சார்ட் போட என்ன சாஃப்ட்வேர் வாங்கலாம்?

கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். ஒரு கட்டத்துக்கு 10 விநாடி.

கங்கைகொண்டானில் பேக்கிங் யூனிட். மிஷினுக்கு 2 பேர். கேமராப் பதிவைப் பார்த்துச் சார்ட் போட்டதில் ஒருவர் 40 சதவீத நேரம் சும்மா இருக்கிறார். அவரை நிறுத்திவிடலாமா?

கூடாது. எத்தனை நிமிடப் பதிவு பார்த்தீர்கள்? அரை மணி நேரம் என்று கடிதத்தின் கடைசியில் சொல்கிறீர்கள். அந்த அரை மணியில் ஃபிலிம் ரோல் மாற்றினார்களா? பாக்கெட்டை ஒட்டும் சீல் கட்டையைத் துடைத்தார்களா? அட்டைப்பெட்டி வந்து இறங்கியதா? எதுவும் உங்கள் தாளில் இல்லை.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வேலை பழகிய புதிதில் ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மிஷின்) பக்கம் அரை மணி நேரம் நின்று சார்ட் போட்டேன். அந்த நேரத்தில் டாஃப் வரவில்லை. டாஃப் என்றால் பாபின் நிறைந்ததும் ஃபிரேமை நிறுத்தி எல்லாவற்றையும் மாற்றுவது; அப்போதுதான் அத்தனை கையும் வேண்டும். அதைப் பார்க்காமலே ‘ஓய்வு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நிர்வாகம் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தியது. டாஃப் நேரத்தில் ஃபிரேம் முன்னைவிட அதிக நேரம் நின்றது. அவர் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

ஆகையால் சார்ட்டில் ‘சும்மா’ என்று எழுதாதீர்கள். ‘காத்திருப்பு’ என்று எழுதி, எதற்காகக் காத்திருக்கிறார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ரோல் வரக் காத்திருந்தால் அது ஸ்டோரின் வேலை. கரண்ட் போய் நின்றால் அவர் என்ன செய்வார்? நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் நிற்பவருக்கு இளைப்பாறலாக, அளந்த வேலை நேரத்தோடு பத்து சதவீதத்துக்கு மேலேயே சேர்க்க வேண்டும். பக்கத்தில் நின்று, ரோல் மாற்றுவது ஒன்றாவது உள்ளே வரும் அளவுக்கு நீண்ட நேரம் அளங்கள். அதன் பிறகும் நேரம் மிஞ்சினால், ரோலையும் பெட்டியையும் முன்கூட்டியே எடுத்து வைக்கும் வேலையை அவருக்குக் கொடுங்கள். மிஷின் நிற்பது குறையும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். மிஷின் பாதி நேரம் நிற்கிறது. பரப்புகிற பெண்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

காயப்போட இடம் இருக்கிறதா, அம்மா? இடமில்லாமல் மிஷினை ஓட்டினால் அப்பளம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிஷின் நிற்கட்டும், முதலில் காயவைக்கும் தட்டுகளையும் இடத்தையும் அதிகமாக்குங்கள்.

வள்ளியூரில் தகட்டை அழுத்தி உருவாக்கும் பிரஸ் பட்டறை. டை (உருவம் கொடுக்கும் அச்சு) மாற்ற ஒரு மணி நேரம் ஆகிறது.

ஷிகெயோ ஷிங்கோ என்ற ஜப்பானியர் காட்டிய வழி இருக்கிறது. டை மாற்றும் வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: மிஷின் நின்றால்தான் செய்ய முடிவது, ஓடும்போதே செய்ய முடிவது. ஸ்பேனர் தேடுவது, டையைத் தூக்கி வருவது, போல்ட் எண்ணுவது எல்லாம் இரண்டாவது வகை. அவற்றைப் பிரஸ் ஓடும்போதே முடித்துவைத்தாலே பெரும்பாலும் 30 முதல் 50 சதவீத நேரம் மிச்சமாகும். பக்கத்தில் நின்று அளந்து, இந்த முறைக்கு மாறுவதற்கு முன் ஒரு தாள், பின் ஒரு தாள் என இரண்டையும் அனுப்புங்கள்; அடுத்த தடவை பார்ப்போம்.