கம்போடியா சேவைப் பயணம்: முன்பணம் கட்டலாமா?

இப்போதைக்குக் கட்டாதீர்கள். உங்கள் மகள் மாணவர் குழுவோடு கம்போடியாவின் சியம் ரீப் நகருக்குப் போகும் சேவைப் பயணத் திட்டத்தில் ‘அனாதை இல்லத்தில் நான்கு நாள் ஆங்கிலம் கற்பித்தல்’ என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நீக்கினால்தான் பணம் என்று பயணத்தை நடத்துபவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் இதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. வெளிநாட்டவர் வந்தால் நன்கொடை வரும் என்பதற்காகவே ஏழை வீடுகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து சேர்க்கிற இல்லங்களும் உண்டு. அப்புறம், நாலு நாள் மடியில் உட்காரவைத்துக் கொஞ்சிவிட்டுப் போகிற அக்காக்கள் மாறி மாறி வந்தால் அந்தச் சின்ன மனசு என்ன பாடுபடும்? எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்:

1. குழந்தைப் பாதுகாப்பு விதிகளை எழுத்தில் தருவார்களா?
2. மாணவர்கள் கிளம்பிய பிறகு அந்த வேலையை உள்ளூரில் யார் தொடர்வார்கள்? ‘அடுத்த குழு வரும்’ என்றால் விட்டுவிடுங்கள்.

இதனால் பயணத்தை நடத்துபவர்கள் மோசமானவர்கள் என்று ஆகிவிடாது. விவரம் தெரியாமலும் சேர்த்திருக்கலாம். உள்ளூர் ஆட்களின் பொறுப்பில் நடக்கும் மரம் நடுதல், தண்ணீர் வேலை என்று மாற்றித் தந்தால், 16 வயதுப் பெண் தாராளமாகப் போய்வரலாம். மகளிடமும் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்கிற வயதுதான்.